நுரை கூடாது

பீரைப் பற்றிப் பேசுவதற்கென்று ஒரு பேரவை இருக்குமா என்று கேட்கிறவர்கள் எழுபதுகளில் புதுச்சேரியில் குடியிருந்திருக்க மாட்டார்கள். இருந்தது. ‘புதுச்சேரி பியேர் சுவைஞர் பேரவை’ என்று பெயர். பீர் என்று யாராவது வாய்தவறிச் சொன்னால் உறுப்பினர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். பீர் என்பது நெல்லித்தோப்பில் குடிப்பது, பியேர் என்பது வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன தெருக்களில் சுவைப்பது என்று அவர்களே விளக்கம் கொடுத்திருந்தார்கள். அந்த விளக்கத்தை அவர்களுடைய மாத மடலுக்காக அச்சுக் கோத்தவன் நான். அந்தக் கும்பல் உளறியதையெல்லாம் ஒவ்வொரு ஈய எழுத்தாகப் பொறுக்கி அடுக்கி என் விரல் நுனி கறுத்துப் போயிருந்தது. அதனால் இந்தக் கதையில் நான் நடுநிலையாக இருப்பேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

பேரவைக்குத் தலைவர் முசியே பலராமன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் ‘சொல்தா’ என்கிற சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரான்சிலிருந்து வரும் பென்ஷனில் கஞ்சி போட்ட வெள்ளைப் பேன்ட்டோடு கடற்கரையில் நடப்பார். சைகோனில் அவர் சண்டை போட்டாரா என்பது யாருக்கும் தெரியாது. கேன்டீன் ஸ்டோரில் இருந்தார் என்பது அவரே சொல்லித் தெரியும். அங்கே ஒரு கேப்டன் மூலமாகத் தனக்கு அரை கிளாஸ் பெல்ஜியத்து பியேர் கிடைத்தது என்பார். அந்த அரை கிளாஸை வைத்து அவர் பல வருஷமாகப் பேரவையை ஓட்டிக்கொண்டிருந்தார்.

செயலாளர் உத்திராபதி. லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி பேராசிரியர். ஸ்கூட்டரை நிறுத்தும்போதே பேச ஆரம்பித்து, மாடிப்படி ஏறி, உட்கார்ந்த பிறகும் அதே வாக்கியத்தில்தான் இருப்பார். மற்ற உறுப்பினர்களும் இதே மாதிரிதான். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், நோட்டரி ஒருவர், மாமனார் வீட்டுச் சொத்தில் வாழ்ந்த இன்னும் சிலர். யாருக்கும் பெரிய தாகம் இருந்ததாக எனக்குத் தோன்றியதில்லை.

சனிக்கிழமை தோறும் மாலையில் தலைவர் வீட்டு மாடியில் கூட்டம். சட்டம் ரொம்பக் கறாரானது. முதலில் தலைவர் எல்லாப் பாட்டில்களின் மூடியையும் திறப்பார். திறந்தால்தான் கூட்டம் தொடங்கியதாகக் கணக்கு. திறந்த பாட்டில்களை மேற்குப் பார்த்த ஜன்னல் திண்டில் வெயிலில் வரிசையாக வைப்பார்கள். பானத்தின் நிறம் தெரிய வேண்டுமாம். பிறகு போன கூட்டத்து நடவடிக்கைக் குறிப்பு பிரெஞ்சில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. பிறகு யாராவது செத்திருந்தால் இரங்கல். பிறகு நிறம் பற்றிய கருத்துரை. பிறகு மணம். பிறகு அந்த அரை கிளாஸ் பற்றித் தலைவர் உரை. இதெல்லாம் முடிந்து, விளக்குப் போட்ட பிறகு, மருந்து கிளாஸ் அளவுக்கு ஆளுக்கு ஒரு கிளாஸ் ஊற்றி ‘சாந்தே’ என்று பிரெஞ்சில் வாழ்த்தி ஒரு மடக்குக் குடிப்பார்கள். அதற்குள் அந்தப் பீர் வெதுவெதுப்பாகி, நுரையெல்லாம் போய், செத்து, காரியமும் முடிந்திருக்கும்.

அந்தப் பிணத்துக்குத்தான் விமர்சனம். நான் அச்சுக் கோத்ததிலிருந்தே சொல்கிறேன். ‘கசப்பு நாக்கின் ஈசானிய மூலையில் தோன்றி நிருதி மூலையில் மறைகிறது.’ ‘முதல் மடக்கில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதிலும் ஒன்றும் தெரியவில்லை. இந்த அடக்கமே உயர்ந்த பியேரின் இலக்கணம்.’ எல்லாவற்றுக்கும் கடைசியில் தீர்ப்பு. நல்லதாக இருந்தால் ‘பேரவை பரிந்துரைக்கிறது’. சுமாராக இருந்தால் ‘மறு கூட்டத்தில் பேசலாம்’. மோசமாக இருந்தால் ‘பொதுமக்களுக்குப் போதும்’.

இதோடு நின்றிருந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும். ஆனால் பீர்க்கடைகளுக்கு லைசென்ஸ் கொடுக்கிற ஆபீசில் பெரிய நாற்காலியில் இருந்த சுப்ரமணி என்ற அதிகாரி பேரவைக்குப் புரவலர். லைசென்சைப் புதுப்பிக்க வருகிற கடைக்காரர்களிடம், “பேரவை என்ன சொல்லுது?” என்று அவர் கேட்க ஆரம்பித்தார். அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் கிடையாது. காகிதத்தில் இருந்தால் எதிர்த்துக் கேட்கலாம். அதிகாரியின் வாயில் இருக்கிற விதியை யார் எதிர்த்துக் கேட்பது?

அந்தப் பேரவைக்கு வாராவாரம் பீர் கொடுத்து வந்தவர் நெல்லித்தோப்பு கொளஞ்சி. மில்லில் தறி ஓட்டியவர். மிஷினில் வலது கையில் இரண்டு விரல் போய், அதற்குக் கிடைத்த நஷ்டஈட்டில் கடை போட்டவர். நாலு பெஞ்சு, மரத்தூள் போட்ட ஐஸ் பெட்டி, அவ்வளவுதான் கடை. வாசலில் வைத்திக்குப்பத்து அஞ்சலாட்சி நெத்திலியும் சுறாவும் வறுத்துக் கொடுப்பாள். ஷிப்டு முடிந்து வருகிற மில் ஆட்கள், அந்தப் பக்கம் மதுவிலக்கு என்பதால் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வருகிற யோக்கியர்கள், நான், எல்லோரும் அங்கேதான். கொளஞ்சி பாட்டிலைத் திறந்தால் புஸ்ஸென்று சத்தம் வரும். கிளாஸில் ஊற்றினால் நுரை விளிம்பு வரை நிற்கும். குடித்தவன் ஒரு ஏப்பம் விட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். யாரும் கருத்துரை சொல்ல மாட்டார்கள்.

கொளஞ்சி ரொம்பச் சாது. பேரவைக்குப் பாட்டில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது செருப்பைக் கீழேயே விட்டுவிட்டுத்தான் மாடி ஏறுவார். படித்தவர்கள் பீரைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்களே, அதில் ஏதோ இருக்கும்போல என்று நிஜமாகவே நம்பினார். “நமக்குத்தான் தம்பி புரியல,” என்பார் என்னிடம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுபத்தெட்டில் பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை. முசியே பலராமனுக்கு அந்த வாரம்தான் பல்லெல்லாம் பிடுங்கியிருந்தது. கட்டுப்பல் இன்னும் வரவில்லை. பேச முடியாது. செயலாளர் உத்திராபதி மச்சினி கல்யாணத்துக்கு விழுப்புரம் போய்விட்டார். நடவடிக்கைக் குறிப்பும் அவரோடு போய்விட்டது. தலைவர் பாட்டில்களைத் திறந்தார். வாசிக்கக் குறிப்பு இல்லை, ஆற்ற உரை இல்லை. உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வேறு வழி தெரியாமல் உடனே ஊற்றிக் குடித்துவிட்டார்கள்.

பேரவையின் வரலாற்றில் முதல் தடவையாக அவர்கள் பீர் குடித்தார்கள்.

தலைமையாசிரியருக்கு மீசையெல்லாம் நுரை. நோட்டரிக்கு மூக்கில் ஏறித் தும்மல். ஒருவருக்கு நாக்கில் ஊசி குத்துகிற மாதிரி இருந்ததாம். அடுத்ததாக எல்லோருக்கும் ஏப்பம். பல வருஷமாகக் கூட்டம் நடந்த அந்த மாடியில் அப்படியொரு சத்தம் கேட்டதே இல்லை. பல் இல்லாத தலைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “சோதா! சோதா!” என்று அலறினார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பியேரில் சோடா கலந்திருக்கிறது.

திங்கட்கிழமை அவசர மடல் அச்சுக்கு வந்தது. ‘நம் உடலில் நடந்த சதி’ என்று தலைப்பு. கோக்கும்போது நான் சிரித்த சிரிப்பில் எழுத்துப் பெட்டியே கவிழப் பார்த்தது. ஆனால் கடைசி வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நெல்லித்தோப்பு கொளஞ்சியின் கடைக்கு லைசென்ஸ் புதுப்பிக்கக் கூடாது என்று புரவலரைப் பேரவை கேட்டுக்கொள்கிறது என்று போட்டிருந்தது. மார்ச் முடிந்தால் லைசென்ஸ் முடிகிறது. விரல் போன ஆளை எந்த மில்லும் திரும்ப எடுக்காது. அந்தக் கடை போனால் கொளஞ்சிக்கும் அவர் மனைவி தனத்துக்கும் அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி கிடையாது. கோத்த கையாலேயே அந்த ப்ரூஃபை எடுத்துக்கொண்டு போய்க் கொளஞ்சியிடம் படித்துக் காட்டினேன்.

“நான் எப்ப தம்பி சோடா ஊத்துனேன்?” என்றார். நிஜமாகவே ஊற்றிவிட்டோமோ என்று யோசிக்கிற முகம்.

சுப்ரமணியின் ஆபீசுக்கு நானும் அவர்கூடப் போனேன். அதிகாரி ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்.

“சார், பீருன்னா நுரைக்கும் சார். அது எல்லாருக்கும் தெரியும்,” என்றார் கொளஞ்சி.

“எனக்குத் தெரியாதே,” என்றார் சுப்ரமணி. “நான் குடிக்கிறதில்ல. அந்த நாத்தமே ஆகாது எனக்கு. அதனாலதான் இந்த சீட்டுக்கு என்னைப் போட்டாங்க. குடிக்கிறவன் பாரபட்சம் பாப்பான். குடிக்காதவனுக்கு எது நல்லது எது கெட்டதுன்னு தெரியாது. அதுக்குத்தான் பேரவை. அவங்க சொல்றத நான் செய்வேன். நான் செய்யிறதுனால அவங்க சொல்லுக்கு மரியாத. இதுல நீ எங்கப்பா வர்ற?”

கொளஞ்சி எங்கேயும் வரவில்லைதான். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

பேரவை அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. அந்த விசாரணைச் சனிக்கிழமைக்குள் கட்டுப்பல் வந்து சேர்ந்திருந்தது. தலைவர் பழையபடி முழு வேகத்தில் இருந்தார். நான் மடல் கட்டோடு போய் வாசற்படி ஓரமாக நின்றுகொண்டேன். கொளஞ்சி ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து ஈரத் துணியில் சுற்றிய ஒரு பாட்டிலைக் கையில் வைத்திருந்தார்.

“ஐயா, கம்பெனியில மூடி போட்டு வர்ற பாட்டில். நான் எப்படிங்க அதுல சோடா ஊத்த முடியும்?”

“அதைத்தான் நாங்களும் கேட்கிறோம்,” என்றார் உத்திராபதி. “எப்படி ஊற்றினாய்?”

“ஊத்தலீங்க.”

“முறையைச் சொல்ல மறுக்கிறான் என்று குறித்துக்கொள்ளுங்கள்,” என்று நோட்டரியிடம் சொல்லிவிட்டு எழுந்தார். “நண்பர்களே, ரசாயனம் என்ன சொல்கிறது? சோடாவில் வாயு இருக்கிறது. அன்று நாம் குடித்ததிலும் வாயு இருந்தது. பேரவையின் இத்தனை வருட அனுபவத்தில் பியேரில் வாயு இருந்ததே இல்லை. ஆகவே அன்று குடித்தது பியேர் இல்லை. மேலும் இவன் கடைக்கு அடுத்த கடையே கோலி சோடா கடை. நடுவில் ஒரே சுவர்.”

எல்லோரும் கை தட்டினார்கள்.

“ஐயா, ஒரே ஒரு வேண்டுதல்,” என்றார் கொளஞ்சி. “இதோ கொண்டாந்திருக்கேன். இப்பவே தொறங்க. தொறந்த உடனே குடிச்சிப் பாருங்க. நீங்களே சொல்லுங்க.”

முசியே பலராமன் மெதுவாக எழுந்தார்.

“உடனே குடிப்பதா? இந்த மனிதர் எங்களைக் குடிக்கச் சொல்கிறார். கேட்டீர்களா? இங்கே யாரும் குடிப்பதற்காக வருவதில்லை, முசியே. பியேரைப் பற்றி ஒரு கருத்து இருந்தால்தான் பியேரைக் குடிக்க முடியும். குடித்துவிட்டுக் கருத்துச் சொல்வது நாட்டுப்புற வழக்கம். முறைப்படி ஆகட்டும்.”

முறைப்படி ஆயிற்று. பாட்டிலைத் திறந்தார்கள். புஸ்ஸென்று சத்தம் வந்தபோது சிலர் திரும்பிக்கொண்டார்கள். பாட்டில் ஜன்னல் திண்டுக்குப் போனது. விழுப்புரம் கல்யாணத்தில் பரிமாறிய சாம்பார் உட்பட விட்டுப்போன குறிப்பெல்லாம் வாசித்தார்கள். நிறம் பேசினார்கள். மணம் பேசினார்கள். தலைவர் சைகோன் போய் வந்தார். கொளஞ்சி ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் பாட்டில்மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. குமிழி ஒவ்வொன்றாக மேலே வந்து உடைவது அங்கிருந்தே தெரிந்தது. அவர் உதடு தானாக அசைந்தது. வேண்டிக்கொண்டாரோ வைதாரோ, எனக்குக் கேட்கவில்லை.

விளக்குப் போட்ட பிறகு ஊற்றிக் குடித்தார்கள். எல்லோர் முகத்திலும் நிம்மதி.

“அசல்,” என்றார் தலைவர்.

“அசல்தான்,” என்றார் உத்திராபதி. “இது அசல் என்றால் அன்று கொடுத்தது போலி என்பது இப்போது ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாகிறது. குற்றவாளியே தன் கையால் சாட்சி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதற்கு நன்றி.”

கொளஞ்சி அழுதுவிட்டார். அதைப் பார்த்துத் தலைவருக்கு இரக்கம் வந்தது. பேரவையின் ஆண்டு விழா மார்ச்சில் வருகிறது, புரவலர் வருவார், அன்றைக்கு நுரையும் சத்தமும் இல்லாத பியேர் கொடுத்தால் மேடையிலேயே பரிந்துரை வழங்கப்படும் என்றார். இல்லாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

கடைக்குப் பின்கட்டில் இருந்த வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது தனம் அடுப்பில் இருந்ததை அப்படியே இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“வெயில்ல வெச்சி சாவடிச்சி குடிக்கிறதுக்குப் பேரு அசலா? நீ அங்க நின்னு அழுதுட்டு வந்தியா?”

“அவங்க படிச்சவங்க தனம்.”

“படிச்சவனுக்கு நாக்கு செத்துப்போவுமா?”

கடை வாசலில் மீன் திருப்பிக்கொண்டிருந்த அஞ்சலாட்சி அங்கிருந்தே குரல் கொடுத்தாள். “அண்ணி, நல்ல சரக்க அந்த மூதேவிங்களுக்குக் குடுக்கலாமா? ரெண்டு நாள் முன்னாடியே தொறந்து வெச்சிக் குடுக்கச் சொல்லு அண்ணன. சந்தோசமா குடிச்சிட்டுக் கையெழுத்துப் போடுவானுங்க.”

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. கொளஞ்சி ஒத்துக்கொள்ளவில்லை. திறந்து வைத்த பீரைக் கொடுப்பது ஏமாற்று வேலை என்றார். ஊரே ஏமாற்றுகிறபோது தானாக ஏமாறுகிறவர்களைக்கூட ஏமாற்ற மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த ஆளை அன்றுதான் பார்த்தேன். ஆண்டு விழாவுக்கு நல்ல பாட்டில்களாகப் பார்த்துத் தனியாக எடுத்து வைத்தார். சாமி விட்ட வழி என்றார்.

விழா அன்று மாலை அவர் குளித்து வேட்டி மாற்றி வருவதற்குள் தனம் பாட்டில்களைக் கூடையில் அடுக்கி, துணி மூடி, என் கையில் கொடுத்துவிட்டாள். ரிக்‌ஷாவில் கொளஞ்சியும் நானும் போனோம். கூடை ஐஸில்லாமல் ஏன் இவ்வளவு வெதுவெதுப்பாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. கேட்கவில்லை.

மாடியில் சாமந்தி மாலை, மைக் செட், பிரெஞ்சிலும் தமிழிலும் பேனர். சுப்ரமணி நடு நாற்காலியில் ஆரஞ்சு கலர் குடித்துக்கொண்டிருந்தார். தலைவர் மூடிகளைத் திறந்தார். ஒரு பாட்டிலிலும் சத்தம் வரவில்லை. மூடி அப்படியே கையோடு வந்தது.

“கவனித்தீர்களா,” என்று தலைவர் மைக்கில் சொன்னார். “எவ்வளவு நாகரிகமாகத் திறக்கிறது!”

புரவலர் சீக்கிரம் போக வேண்டும் என்பதால் அன்று முதலில் சுவைப்பு என்று சட்டத்தைத் தளர்த்தினார்கள். ஊற்றினார்கள். நுரை ஒரு பொட்டு இல்லை. நிறம் கொஞ்சம் கலங்கலாக, வழக்கத்தைவிடக் கறுப்பாக இருந்தது. குடித்தார்கள். தலைமையாசிரியர் கண்ணை மூடினார். நோட்டரி தலையை ஆட்டினார். முசியே பலராமனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நண்பர்களே. சைகோன். அதே சுவை. அன்றைக்கு கேப்டன் பாதி குடித்து எழுந்து போய்விட்டார். மேஜையில் அரை கிளாஸ் இருந்தது. சுற்றிலும் யாரும் இல்லை. நான் எடுத்துக் குடித்தேன். என் வாழ்க்கையில் அந்தச் சுவை திரும்பக் கிடைக்கும் என்று நினைக்கவில்லை.”

உத்திராபதி கிளாஸை விளக்குக்கு நேரே பிடித்தார். “தாவர மணம் இருக்கிறது. கடலின் ஒரு நினைவு இருக்கிறது. அடியில் ஏதோ இலை கூட...” விரலை விட்டு எடுத்தார். அரைக் கறிவேப்பிலை.

எனக்குப் பக்கத்தில் நின்ற கொளஞ்சியின் கை என் கையைப் பிடித்தது. அவருக்கு அந்தக் கறிவேப்பிலை தெரியும். அஞ்சலாட்சி நெத்திலிமேல் தூவுவது. கடையில் கிளாஸ் கழுவும் இடத்தில் ஒரு வாளி இருந்தது. குடித்தவர்கள் மிச்சம் வைத்ததையெல்லாம் தனம் அதில்தான் ஊற்றுவாள்.

மேடையில் சுப்ரமணி பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டிவிட்டார். வாங்கிக்கொண்டு இறங்கினால் போதும். கடை இருக்கும், சோறு இருக்கும். நான் அவர் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். கொளஞ்சி மேடை ஏறினார், கடிதத்தை வாங்கவில்லை, மைக்குக்கு முன்னால் போய் நின்றார்.

“ஐயா, குடிக்காதீங்க. கீழ வெச்சிடுங்க. அது எச்சிலு. கடையில குடிச்சவங்க கிளாஸ்ல மீதி வெச்சது. எம் பொண்டாட்டி ஊத்திட்டா. எனக்கு இப்பத்தான் தெரியும். சாமி சத்தியமா எனக்குத் தெரியாது. என்னைய மன்னிச்சிடுங்க. கடைய வேணா மூடிக்கிறேன்.”

கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் அந்த மனுஷனின் நேர்மைமேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

யாரும் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. உத்திராபதிதான் முதலில் பேசினார்.

“இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வாய்நீரில் நொதி இருக்கிறது. பெல்ஜியத்தில் சில மடாலயங்களில் இந்த முறை இருந்திருக்க வேண்டும் என்று நான் வெகுகாலமாக ஊகித்து வந்திருக்கிறேன். பல வாய்கள் பட்ட பானம் முதிர்ச்சி அடைகிறது.”

“எந்தெந்த வாய்?” என்று நோட்டரி கேட்டார். “அது முக்கியம்.”

கொளஞ்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். “மில்லு ஆளுங்க. வைத்திக்குப்பத்து ஆளுங்க. விழுப்புரத்துலேர்ந்து வர்றவங்க.”

“விழுப்புரம் வேண்டாம்,” என்றார் தலைமையாசிரியர். “மதுவிலக்குப் பகுதி வாய். பழக்கம் போதாது. வைத்திக்குப்பம் சிறந்தது. அந்தக் கடல் மணம் அங்கிருந்துதான் வந்திருக்கிறது.”

“மில் வாயில் ஓர் உழைப்பின் கனம் இருக்கிறது,” என்றார் நோட்டரி. “இரவு ஷிப்டா, பகல் ஷிப்டா என்பதையும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.”

“புகையிலை போடுகிற வாயும் கொஞ்சம் சேர வேண்டும்,” என்றார் ஒருவர். “கறுப்பு நிறத்துக்கு.”

இதை வைத்து மேடையிலேயே பிரிவு உண்டாகிவிட்டது. ஒரு பக்கம் கடல் வாய்க்காரர்கள், ஒரு பக்கம் மில் வாய்க்காரர்கள். தலைமையாசிரியர் நோட்டரியைப் பார்த்து, உமக்கு வாயைப் பற்றி என்ன தெரியும் என்றார். இதற்கிடையில் எல்லோரும் இரண்டாவது கிளாஸ் ஊற்றிக்கொண்டார்கள். ஒரு பாட்டிலும் மீதி இல்லை. பேரவையின் எந்தக் கூட்டத்திலும் பாட்டில் காலியானதாக எனக்கு நினைவில்லை.

சுப்ரமணி எழுந்து முடிவுரை ஆற்றினார். “எனக்கு இந்தப் பானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதை எப்போதும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவன் நான். ஆனால் இன்று ஒன்று புரிந்தது. பொதுமக்கள் குடித்து மிச்சம் வைப்பதைப் பெரியவர்கள் பரிசீலிக்கிறார்கள். பெரியவர்கள் பரிசீலித்ததை நான் அங்கீகரிக்கிறேன். ஜனநாயகம் என்பது இதுதானே!” கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. முசியே பலராமன் இறங்கி வந்து கொளஞ்சியின் தோளில் சால்வை போட்டு, பரிந்துரைக் கடிதத்தை அவர் சட்டைப் பையில் தன் கையாலேயே வைத்தார். இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

அந்த மடலையும் நான்தான் கோக்க வேண்டியிருந்தது. அதைப் பற்றி இங்கே பேச விருப்பமில்லை.

நெல்லித்தோப்புக்கு நடந்தே திரும்பினோம். கொளஞ்சி சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். கடையில் கூட்டம் நிறைந்திருந்தது. தனம் கிளாஸ்களை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். முகத்தில் பயம்.

“என்னாய்யா ஆச்சு? கெடச்சுதா?”

“கெடச்சுது. லைசென்சு கெடச்சுது.” கடிதத்தை எடுத்துக் காட்டினார். “நீ ஊத்துனத சொல்லிட்டேன்.”

“ஐயையோ! மேடையிலயா? என்னா சொன்னாங்க?”

“இன்னும் வேணுமாம். வாராவாரம் அதையே கொண்டாரச் சொல்றாங்க.”

அஞ்சலாட்சி கரண்டியைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளே விஷயம் தெரிந்த மில் ஆட்களும் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். தனம் சிரிக்கவில்லை. வாளியைத் திரும்பிப் பார்த்தாள்.

“வாராவாரம்னா எப்படிய்யா? பன்னி வளக்குற வேம்பு தெனம் வந்து இதத்தான எடுத்துட்டுப் போறாரு. அவருக்கு என்னா பதில் சொல்றது?”

கொளஞ்சி யோசித்தார். படிகளில் செருப்பை விட்டுவிட்டு ஏறியதெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்திருக்குமோ என்னவோ. பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு பாட்டிலைத் திறந்து, நுரையோடு ஊற்றி, ஒரே மூச்சில் பாதி குடித்தார்.

“மொதல்ல பன்னிங்களுக்கு ஊத்து,” என்றார். “மிச்சம் இருந்தா பேரவைக்குக் குடுக்கலாம்.”